ஷாங்காய்க்கு முதல்முறை போகிறீர்களா? வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலைகளும் அங்கே போன பிறகு வேண்டியவையும்

இரவு பதினொன்றரை மணி. ஷாங்காயின் புடோங் விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனை முடித்து வெளியே வந்து நிற்கிறோம். அம்மாவுக்குத் தாகம். எதிரே தண்ணீர் பாட்டில் விற்கும் இயந்திரம் இருந்தது. அதில் காசு போட ஓட்டை இல்லை, அட்டை சொருக இடம் இல்லை, ஒரு கியூஆர் கட்டம் மட்டும் இருந்தது. என் கைப்பேசியில் அலிபே என்ற சீனப் பணம் செலுத்தும் செயலி இருந்தது, ஆனால் அதில் வங்கி அட்டையை இணைத்திருக்கவில்லை. "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டிருந்தேன். இணைக்கப் பார்த்தால் வங்கியின் ஓடிபி வரவில்லை, இந்திய சிம்மைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். "தண்ணி கூட வாங்க முடியாத ஊராடா இது?" என்று அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

ஷாங்காயில் ஒன்பது நாள் இருந்தோம். அந்த முதல் இரவைத் தவிர மற்ற நாட்களெல்லாம் நான் இதுவரை போன ஊர்களிலேயே சுலபமானவை. ஊர் கடினமானதில்லை. அது கைப்பேசியை நம்பி ஓடுகிற ஊர், கைப்பேசியைத் தயார் செய்யாமல் போனதுதான் பிழை. ஆகவே இந்தக் கட்டுரையில் பாதி, விமானம் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியது பற்றியது. அதை அவசரப்படாமல் படியுங்கள்.

1. எந்த மாதம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மார்ச் கடைசியிலிருந்து மே வரையும், அக்டோபர் இரண்டாம் வாரத்திலிருந்து நவம்பர் வரையும் நல்ல காலம். ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை முற்பகுதி வரை விடாத மழை. அதன்பின் ஆகஸ்ட் வரை சென்னை வெயிலுக்குக் குறையாத புழுக்கம். ஜனவரியில் சராசரி வெப்பநிலையே 5 டிகிரி வாக்கில்தான், ஈரக் காற்று எலும்பு வரை போகும்.

தவிர்க்க வேண்டிய நாட்கள் மூன்று: சீனப் புத்தாண்டு வாரம், மே 1 தொடங்கும் விடுமுறை, அக்டோபர் 1 தொடங்கும் தேசிய நாள் வாரம். அந்த நாட்களில் ஆற்றங்கரையில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவே காவலர்கள் வரிசையாகக் கைகோத்து நிற்பார்கள். அறை வாடகையும் ஏறிவிடும், ரயில் டிக்கெட்டும் கிடைக்காது. விமான டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று அந்தத் தேதிகளில் பதிவு செய்துவிடாதீர்கள்.

2. விசா

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன். 240 மணி நேரம் விசா இல்லாமல் தங்கலாம் என்று காணொளிகளில் சொல்கிறார்களே, அந்தச் சலுகை 55 நாடுகளுக்குத்தான். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை உள்ள தமிழர்களுக்கு 30 நாள் வரை விசாவே வேண்டாம். அவர்கள் நேராக மூன்றாம் படிக்குப் போகலாம்.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குச் சுற்றுலா என்றால் எல் வகை, வியாபாரம் என்றால் எம் வகை. பொருள் வாங்கப் போகிறவர்கள் அங்குள்ள நிறுவனத்தின் அழைப்புக் கடிதத்தோடு எம் வகைக்கே விண்ணப்பியுங்கள். படிவத்தை இணையத்தில் நிரப்பி, ஆவணங்களை அங்கேயே ஏற்ற வேண்டும். விசா அலுவலகத்தில் பார்த்துச் சரி என்ற பிறகுதான் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டு முகவரி உள்ளவர்கள் டெல்லித் தூதரகத்தின் வரம்பில் வருகிறார்கள். அதனால் நம்மில் பலர் முகவர் மூலமாகவே கொடுக்கிறோம்.

கையில் இருக்க வேண்டியவை:

- குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அதில் இரண்டு வெற்றுப் பக்கங்கள். பழைய பாஸ்போர்ட்டில் சீன விசா இருந்தால் அதுவும்.
- 33 × 48 மில்லிமீட்டர் புகைப்படம். வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரிய வேண்டும், கண்ணாடி கூடாது. நம் ஊர் ஸ்டுடியோவில் "பாஸ்போர்ட் சைஸ்" என்று சொன்னால் வேறு அளவில் வெட்டிக் கொடுப்பார்கள், அளவை எழுதிக் காட்டுங்கள். வெள்ளைச் சட்டையும் வேண்டாம், பின்னணியோடு கலந்துவிடும்.
- போகவர விமானப் பதிவும், எல்லா இரவுகளுக்கும் தங்குமிடப் பதிவும். இரண்டிலும் உங்கள் பெயர் இருக்க வேண்டும். அம்மாவின் பெயர் அறைப் பதிவில் இல்லாமல் போனதால் எங்கள் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது.
- ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, வேலை பார்க்கும் இடத்துக் கடிதம். ஓய்வுபெற்றவர்களுக்கு ஓய்வூதியச் சான்று.
- நாள்வாரியான பயணத் திட்டம், ஒரு பக்கத்தில்.

நமக்கே உரிய சிக்கல் பெயரில் இருக்கிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு கட்டத்தில் இருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். விசாப் படிவம், விமான டிக்கெட், அறைப் பதிவு, அலிபே என்று நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடியே, அதே எழுத்துக் கூட்டலில் இருக்கட்டும். ஆதாரில் "ஆர். மீனாட்சி", பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரித்து எழுதியது என்று இருந்தால் பாஸ்போர்ட்டை மட்டுமே பின்பற்றுங்கள்.

ஆவணங்கள் ஏற்கப்பட்ட பிறகு சாதாரண முறையில் நான்கு வேலை நாட்கள் என்று கணக்கு. இணையச் சரிபார்ப்பு, கூரியர், விடுமுறை எல்லாம் சேர்த்து எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. பயணத்துக்கு ஆறு வாரம் முன்பு தொடங்குங்கள். முகவரிடம் விசாக் கட்டணம் எவ்வளவு, சேவை மையக் கட்டணம் எவ்வளவு, அவருடைய கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். "உடனடி விசா" என்று எங்களிடம் ஒருவர் இரண்டு மடங்கு கேட்டார். மறுத்துவிட்டு வேறொருவரிடம் போனோம்.

விசா ஒட்டி வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள்: எந்தத் தேதிக்குள் நுழைய வேண்டும், ஒரு முறை நுழைந்தால் எத்தனை நாள் தங்கலாம், எத்தனை முறை நுழையலாம். "நுழைய வேண்டிய கடைசித் தேதி" வேறு, "தங்கும் நாட்கள்" வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

ஹாங்காங்கைச் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு: ஷாங்காயிலிருந்து ஹாங்காங் போனால் சீனப் பெருநிலத்தை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி ஷாங்காய் வர இரண்டு முறை நுழையும் விசா வேண்டும். தவிர, இந்தியர்கள் ஹாங்காங்குக்குள் போக இணையத்தில் முன்பதிவு செய்து அந்தத் தாளை அச்செடுத்து வைத்திருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தளம் போலி.

3. டிக்கெட்டும் தங்குமிடமும்

சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹாங்காங் ஏதாவது ஒன்றில் மாறிப் போகலாம். விலையை மட்டும் பார்க்காமல் இறங்கும் நேரத்தைப் பாருங்கள். மாலை ஏழு மணிக்குள் இறங்கினால் மெட்ரோ இருக்கும். நள்ளிரவில் இறங்கினால் மெட்ரோ இருக்காது, பெரும்பாலும் டாக்ஸிதான். எங்களுக்கு அந்த இரவு டாக்ஸிக்கு 230 யுவான் ஆனது. மெட்ரோவில் அதே தூரத்துக்கு 7 யுவான். ஒரு யுவான் பன்னிரண்டு ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள்.

ஷாங்காய்க்கு இரண்டு விமான நிலையங்கள்: கிழக்கே புடோங், மேற்கே ஹோங்சியாவ். வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் புடோங்குக்கு வரும், உள்நாட்டு விமானம் ஹோங்சியாவிலிருந்து கிளம்பக்கூடும். இரண்டையும் இணைக்கும் புதிய விமான நிலைய ரயில் 2024 டிசம்பரில் தொடங்கியது. சுமார் 40 நிமிடம், 26 யுவான். தொடர் விமானம் பதிவு செய்யும்போது நிலையத்தின் பெயரைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

தங்குவதற்கு நான் சொல்வது ஒன்றுதான்: மெட்ரோ 2-ஆம் வழித்தடத்தில், மக்கள் சதுக்கத்துக்கோ நான்ஜிங் கிழக்குச் சாலைக்கோ பத்து நிமிட நடையில் அறை எடுங்கள். புடோங் விமான நிலையம், வானுயர் கோபுரங்கள் நிற்கும் லுஜியாஸுய், ஆற்றங்கரை, ஹோங்சியாவ் ரயில் நிலையம் எல்லாம் இந்த ஒரே வழித்தடத்தில் இருக்கின்றன. வாடகை குறைவு என்று புறநகரில் எடுத்தால் தினமும் இரண்டு மணி நேரம் ரயிலில் போய்விடும். எங்கள் அறை இருவருக்கும் ஓர் இரவு 380 யுவான். சுத்தமான சிறிய அறை, கொதிகெண்டி இருந்தது. சாவி கொடுக்கும்போது முன்பணம் வாங்கி வைத்து, காலி செய்யும்போது திருப்பித் தருவது வழக்கம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பதிவு செய்யும் முன் வெளிநாட்டினரை ஏற்பார்களா என்று ஒரு செய்தி அனுப்பிக் கேளுங்கள். சீனாவுக்குள் வந்த 24 மணி நேரத்துக்குள் எங்கே தங்குகிறீர்கள் என்பது காவல்துறையில் பதிவாக வேண்டும். விடுதியில் தங்கினால் அவர்களே பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து முடித்துவிடுவார்கள். உறவினர் வீட்டில், நண்பர் வீட்டில் தங்கினால் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் நீங்களே பதிய வேண்டும். விட்டால் அபராதம் வரலாம்.

4. கைப்பேசி: வீட்டிலேயே, ஒரு வாரம் முன்பே

இதுதான் முக்கியமான படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுவதையும் முடித்துவிடுங்கள்.

கூகுள், வாட்ஸ்அப், யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எதுவும் சீன இணையத்தில் திறக்காது. விடுதி வைஃபையிலும் திறக்காது. ஆனால் வெளிநாட்டு சிம்மின் ரோமிங்கில் போனால் திறக்கும், ஏனென்றால் அந்தத் தரவு உங்கள் நாட்டு நிறுவனத்தின் வழியாகச் சுற்றி வருகிறது. ஆகவே இரண்டு வழி: உங்கள் இந்திய சிம்முக்கே ரோமிங் திட்டம் போடுவது, அல்லது பயணிகளுக்கான இ-சிம் வாங்குவது. நான் தரவுக்கு இ-சிம்மும், ஓடிபி வருவதற்கு இந்திய சிம்மும் என்று இரண்டையும் வைத்துக்கொண்டேன். இந்திய சிம்மில் தரவை அணைத்துவிட்டுக் குறுஞ்செய்தி மட்டும் வரும்படி வையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கழற்றாதீர்கள். விமான நிலையத்தில் சீன சிம் வாங்கினால் அது சீன இணையம்தான், வாட்ஸ்அப் வராது.

அடுத்து அலிபே. பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அடையாளச் சரிபார்ப்பை முடியுங்கள். பிறகு வீசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணையுங்கள். அதற்கு முன் உங்கள் வங்கிச் செயலியில் அந்த அட்டைக்கு வெளிநாட்டுப் பயன்பாடு, இணையப் பயன்பாடு இரண்டையும் திறந்துவிட வேண்டும். இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் மூடியேதான் வரும். இரண்டு வெவ்வேறு வங்கிகளின் அட்டைகளை இணைத்து வையுங்கள். எனக்கு இரண்டாம் நாள் ஓர் அட்டை காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டது, மற்றது காப்பாற்றியது. யுபிஐ அங்கே வேலைக்கு ஆகாது.

கட்டணம்: ஒரு முறை செலுத்துவது 200 யுவானுக்குள் இருந்தால் அலிபே தனியாக எதுவும் எடுக்காது. அதற்கு மேல் போனால் 3 விழுக்காடு. அதோடு உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் வேறு, பல அட்டைகளில் 3.5 விழுக்காடு வரை வரும். அந்தக் கட்டணம் இல்லாத அட்டை இருந்தால் அதை முதல் அட்டையாக வையுங்கள். சிறு வியாபாரிகள் சிலர் தங்கள் சொந்தக் கணக்கின் குறியீட்டைக் காட்டுவார்கள், வெளிநாட்டு அட்டையிலிருந்து அதற்குப் பணம் போகாது. அப்போது ரொக்கம் கொடுங்கள்.

சீனர்கள் செய்தி அனுப்பவும் பணம் செலுத்தவும் பயன்படுத்தும் வீசாட் செயலியையும் நிறுவுங்கள். புதுக் கணக்கு தொடங்க ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் உங்களை உறுதிசெய்யும்படி கேட்கும். அங்கே போய் ஆளைத் தேடுவதைவிட, இங்கே தெரிந்தவர் ஒருவரைப் பிடிப்பது சுலபம்.

வரைபடத்துக்குக் கூகுளை நம்பாதீர்கள், ரோமிங்கில் திறந்தாலும் சீனாவில் அது காட்டும் இடம் விலகியிருக்கும். ஐபோனில் ஆப்பிள் வரைபடம் சரியாக வேலை செய்தது. ஆண்ட்ராய்டில் சீனர்களே பயன்படுத்தும் ஆமேப் செயலி. மொழிபெயர்ப்புக்குச் சீன மொழித் தொகுப்பை இணையம் இல்லாமலும் ஓடும்படி இறக்கி வையுங்கள். விடுதியின் பெயரும் முகவரியும் சீன எழுத்தில் ஒரு படமாகக் கைப்பேசியில் இருக்க வேண்டும், ஒரு தாளிலும் இருக்க வேண்டும். மின்னூட்டம் தீர்ந்தால் அந்தத் தாள்தான் உங்கள் முகவரி.

பவர் பேங்க் கட்டாயம் வேண்டும். ஆனால் சீனாவுக்குள் உள்நாட்டு விமானம் ஏறப் போகிறீர்கள் என்றால் அதன்மேல் 3சி என்ற சீனத் தர முத்திரை இருக்க வேண்டும். 2025 ஜூன் 28 முதல் அந்த முத்திரை இல்லாததை உள்நாட்டு விமானத்தில் அனுமதிப்பதில்லை. ரயிலில் போனால் இந்தக் கவலை இல்லை. நம் ஊர் மூன்று உருண்டைக் கம்பிச் செருகி அங்குள்ள துளையில் நுழையாது, ஒரு மாற்றுச் செருகி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரொக்கமாக ஆளுக்கு 1,000 யுவான் போதும். அனுமதி பெற்ற செலாவணி மாற்றுக் கடையில் வாங்கி, ரசீது வைத்துக்கொள்ளுங்கள். 10, 20 யுவான் தாள்களாகக் கேட்டு வாங்குங்கள். நூறு யுவான் தாளை நீட்டினால் சிறு கடைகளில் சில்லறை இருக்காது.

5. இறங்கும் நாள்

வருகைப் படிவத்தை இப்போது இணையத்திலேயே முன்கூட்டி நிரப்பலாம். சீனக் குடியேற்றத் துறையின் தளத்தில் அது இலவசம். அங்கே போய்த் தாளிலும் நிரப்பலாம். விடுதி முகவரி, வந்த விமான எண், திரும்பும் தேதி கேட்பார்கள். விரல் ரேகை எடுக்கும் இயந்திரங்கள் வழியிலேயே இருக்கும். முதியவர்களுக்கு ரேகை சரியாகப் பதியாவிட்டால் பதற வேண்டாம், அதிகாரி மறுபடி எடுத்துக்கொள்வார்.

பெட்டியில் பழம், காய்கறி, இறைச்சி, பால் பொருள், விதை எதுவும் வேண்டாம். அம்மா எடுத்துவந்த பால்கோவாவை நான் சென்னையிலேயே எடுத்து வைத்துவிட்டேன். பருப்புப் பொடியையும் தேன்குழலையும் யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் "டாக்ஸி, டாக்ஸி" என்று அருகே வருகிறவர்களோடு போகாதீர்கள். பலகையைப் பின்தொடர்ந்து வரிசைக்குப் போய் மீட்டர் போடும் வண்டியில் ஏறுங்கள். அல்லது அலிபேக்குள்ளேயே இருக்கும் டிடி என்ற வாடகைக் கார் சேவையில் அழையுங்கள், விலை முன்பே தெரியும்.

பகலில் இறங்கினால், காந்த விசையில் மிதந்து ஓடும் ரயிலில் ஒருமுறை போய்ப் பாருங்கள். 30 கிலோமீட்டரை எட்டே நிமிடத்தில் கடந்து லோங்யாங் சாலை நிலையத்தில் விடும். கட்டணம் 50 யுவான், அன்றைய விமான டிக்கெட்டைக் காட்டினால் 40. அங்கே 2-ஆம் வழித்தடத்துக்கு மாறலாம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே வந்தார், பேச்சே இல்லை.

6. மெட்ரோவும் சாலையும்

முதல் 6 கிலோமீட்டருக்கு 3 யுவான், அதன்பின் ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் 1 யுவான். ஒருநாள் சீட்டு 18 யுவான், மூன்றுநாள் சீட்டு 45. ஒரு நாளில் ஐந்தாறு முறைக்குக் குறைவாக ஏறுவதானால் நாள் சீட்டு வேண்டாம், அலிபேயின் போக்குவரத்துக் குறியீட்டைக் காட்டிப் போவதே மலிவு. உள்ளே போகக் காட்டிய அதே கைப்பேசியை வெளியேறவும் காட்ட வேண்டும். ஒரே கைப்பேசியில் இருவர் போக முடியாது. அம்மாவுக்காக நான் ஒவ்வொரு முறையும் இயந்திரத்தில் சீட்டு எடுத்தேன்.

ஒவ்வொரு நிலையத்திலும் பையைச் சோதனை இயந்திரத்தில் போட வேண்டும். வெளியேறும் வாயில்களுக்கு எண்கள் உண்டு, பெரிய நிலையங்களில் இருபதையும் தாண்டும். தவறான வாயிலில் ஏறினால் அகலமான சாலையின் மறுபக்கத்தில் நிற்பீர்கள். போகும் இடத்தின் வாயில் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி ரயில் பல வழித்தடங்களில் பத்தரை, பதினொரு மணி வாக்கில் போய்விடும்.

சாலையைக் கடப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. நம் கண் பழக்கத்தில் வலப்புறம் பார்த்துவிட்டு இறங்குவோம், வண்டியோ இடப்புறமிருந்து வரும். இன்னொன்று மின்சார ஸ்கூட்டர். நம் ஊரில் வண்டி வருவதைக் காதால் அறிகிறோம். அங்கே நூற்றுக்கணக்கில் சத்தமே இல்லாமல் வரும். பச்சை விளக்கு விழுந்த பிறகும், வலப்பக்கம் திரும்புகிற வண்டிகள் வந்துகொண்டிருக்கும். பெரியவர்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

7. சாப்பாடு, குறிப்பாகச் சைவர்களுக்கு

அம்மா சுத்த சைவம். போவதற்கு முன் என் பெரிய கவலை இதுதான். "காய்கறி மட்டும்" என்று கேட்டால் பன்றிக் கொழுப்பில் வதக்கிய கீரை வரும், மேலே இறைச்சித் துணுக்கு தூவியிருக்கும். அதை அவர்கள் காய்கறி என்றே நினைக்கிறார்கள். கேட்க வேண்டிய சொல் "சூ". "வோ ச்சி சூ" என்றால் நான் சைவம். கூடவே "இறைச்சி, மீன், இறால், முட்டை, விலங்குக் கொழுப்பு, இறைச்சிச் சாறு வேண்டாம்" என்று சீனத்தில் எழுதிய படம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக் காட்டுங்கள். பேசுவதைவிடக் காட்டுவது நன்றாக வேலை செய்யும்.

நம்பிப் போகக்கூடிய இடம் புத்தக் கோயில்களும் பௌத்தச் சைவ உணவகங்களும். 1922-இல் தொடங்கிய கோங்தேலின் என்ற சைவ உணவகம் நான்ஜிங் மேற்குச் சாலையில் இருக்கிறது. பட்டியலில் வாத்து, மீன் என்று பெயர் இருந்தாலும் எல்லாம் சோயாவிலும் காளானிலும் செய்தவை. கோயில் உணவகத்தில் ஒரு கிண்ணம் காளான் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு அம்மா முதல்முறையாக "நல்லா இருக்கு" என்றார். ஆனால் பௌத்தச் சமையலில் வெங்காயம், பூண்டு இருக்காது, நம் நாக்குக்குச் சப்பென்று தோன்றலாம். பருப்புப் பொடி அங்கேதான் உதவியது.

ஹலால் வேண்டுவோர் "ச்சிங்ஜென்" என்று கேளுங்கள். லான்ஜோ நூடுல்ஸ் என்று ஊரெங்கும் இருக்கும் சிறு கடைகளைச் சீன முஸ்லிம்கள் நடத்துகிறார்கள். மாவைக் கண்ணெதிரே இழுத்து நூலாக்கிப் போடுவார்கள். ஒரு கிண்ணம் இருபது யுவான் சுற்றி. ஷாங்காயின் புகழ்பெற்ற ஆவியில் வெந்த சிறு கொழுக்கட்டை, சியாவ்லோங்பாவ், பொதுவாகப் பன்றி இறைச்சிதான்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். வெந்நீர் எங்கும் கிடைக்கும், ஒரு ஃபிளாஸ்க் எடுத்துப் போங்கள். பொதுக் கழிப்பறைகள் நிறைய உண்டு, இலவசம். காகிதம் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

8. ஆற்றங்கரையும் துறைமுகமும்

ஹுவாங்பூ ஆற்றின் மேற்குக் கரைதான் பண்ட். ஒன்றரைக் கிலோமீட்டருக்குப் பழைய வங்கிகளும் சுங்க மாளிகையும் வரிசையாக நிற்கும். எதிர்க்கரையில் 632 மீட்டர் ஷாங்காய் கோபுரம். விளக்குகள் இரவு பத்து மணிக்கு அணைந்துவிடும். "சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போகலாம்" என்று பத்தே கால் மணிக்குப் போய் இருட்டைப் பார்த்தவர்களில் நாங்களும் உண்டு. ஏழு மணிக்கே போய்விடுங்கள். காலை ஆறு மணிக்கும் ஒருமுறை போங்கள். கூட்டம் இருக்காது. பெரியவர்கள் தைச்சி பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள், சரக்குப் படகுகள் தாழ மிதந்து போய்க்கொண்டிருக்கும்.

உல்லாசப் படகுக்கு நூறு யுவானுக்கு மேல் கேட்பார்கள். லுஜியாஸுயிலிருந்து நடந்து போகும் தூரத்தில் டோங்சாங் சாலைப் படகுத்துறை இருக்கிறது. வேலைக்குப் போகும் மக்கள் ஸ்கூட்டரோடு ஏறி ஆற்றைக் கடக்கும் படகு அது. கட்டணம் 2 யுவான். அதே ஆறு, அதே காட்சி. நாங்கள் மூன்று முறை போனோம்.

ஷாங்காய் கோபுரத்தின் 118-ஆம் தளத்துக்கு 180 யுவான். பனிமூட்டமான நாளில் வாங்கினால் மேகம் மட்டுமே தெரியும், அன்று காலை வானத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழமையான சீனத் தோட்டமான யூ தோட்டம் திங்கட்கிழமை மூடியிருக்கும்.

2010 முதல் உலகிலேயே அதிகக் கொள்கலன்களைக் கையாளும் துறைமுகம் ஷாங்காய்தான். 2024-இல், இருபதடிப் பெட்டிக் கணக்கில், ஐந்து கோடிக்கும் மேல். ஆனால் பண்டில் நின்றால் அந்தத் துறைமுகம் கண்ணில் படாது, ஊருக்கு வெளியே போய்விட்டது. யாங்ஷான் ஆழ்கடல் துறைமுகம் தீவுகளில் இருக்கிறது. கரையிலிருந்து 32.5 கிலோமீட்டர் நீளமான தோங்ஹாய் பாலம் அங்கே போகிறது. அனுமதி இல்லாமல் துறைமுகத்துக்குள் போக முடியாது. டாக்ஸி பிடித்துப் போய் ஏமாந்து திரும்பாதீர்கள், காசும் ஒரு நாளும் வீண்.

கப்பல்களைப் பார்க்க நான் சொல்லும் இடம் வூசோங். மெட்ரோ 3-ஆம் வழித்தடத்தில் ஷுய்ச்சான் சாலை நிலையத்தில் இறங்கி, பாவ்தாய்வான் ஈரநிலப் பூங்காவுக்குப் போங்கள். ஹுவாங்பூ ஆறு யாங்சியில் கலக்கிற முனை அது. எதிர்க்கரை தெரியாத அளவுக்கு நீர் விரிந்து கிடக்கிறது. நாங்கள் ஒரு மர இருக்கையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மணல் ஏற்றிய படகுகள், எண்ணெய்க் கப்பல்கள், பெட்டி அடுக்கிய நெடுங்கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளியே இல்லாமல் வந்துகொண்டிருந்தன. "நம்ம வீட்டு மிக்சி இதுல ஏதாவது ஒண்ணுலதான் வந்திருக்கும்" என்றார் அம்மா. ஊரின் அளவு எனக்குப் புரிந்தது அந்த இருக்கையில்தான். கொஞ்சம் உணவும் தண்ணீரும் கொண்டுபோங்கள், காற்று பலமாக வீசும்.

9. ஏமாறாமல் இருக்க

மக்கள் சதுக்கத்திலும் நான்ஜிங் சாலையிலும் நல்ல ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் இருவர், மூவர் வந்து படம் எடுத்துத் தரச் சொல்வார்கள். பேச்சு வளரும். பிறகு "தேநீர் விழாவுக்குப் போகிறோம், வாருங்கள்" என்பார்கள். போனால் ஆயிரக்கணக்கான யுவானுக்குப் பில் வரும். புன்னகையோடு மறுத்து நடந்துவிடுங்கள். வழி கேட்டு நீங்களாகப் போய்ப் பேசினால் உதவுகிறவர்கள்தான் ஊரில் அதிகம். தேடி வந்து பேசுகிறவர்களிடம் மட்டும் கவனம்.

பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருங்கள். அருங்காட்சியக முன்பதிவு, அதிவேக ரயில் எல்லாவற்றுக்கும் அதுதான் சீட்டு. ரயில் நிலையத்தில் தானியங்கி வாயில் உங்கள் பாஸ்போர்ட்டைப் படிக்காவிட்டால் ஆள் நிற்கும் வாயிலுக்குப் போங்கள். காவல்துறைக்கு 110, ஆம்புலன்சுக்கு 120, தீயணைப்புக்கு 119. விசா, தங்கல் பதிவு பற்றிய ஐயங்களுக்கு 12367 என்ற குடியேற்றத் துறை எண்ணில் ஆங்கிலத்தில் பேசலாம். இந்தியத் துணைத் தூதரகமும் ஷாங்காயில் இருக்கிறது, அதன் எண்ணைக் கிளம்பும் முன் தாளில் எழுதி வையுங்கள்.

10. எங்களுக்கு ஆன செலவு

விமானமும் விசாவும் தவிர, இருவருக்கும் ஒன்பது நாளுக்கு: அறை 3,420 யுவான், சாப்பாடு ஏறக்குறைய 1,500, மெட்ரோவும் படகும் 260, டாக்ஸி 400, நுழைவுச் சீட்டுகள் 600. பொருள் வாங்கியது இதில் இல்லை. முதல் இரவு டாக்ஸி இல்லாதிருந்தால் இன்னும் குறைந்திருக்கும்.

திரும்பும் நாளில் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே புடோங்கில் இருங்கள். நிலையத்தில் இரண்டு முனையங்கள் உண்டு, எது என்று டிக்கெட்டில் பாருங்கள். அறையின் முன்பணத்தை வாங்கிவிட்டீர்களா என்று ஒருமுறை சரிபாருங்கள், நாங்கள் பாதி வழியிலிருந்து திரும்பிப் போய் வாங்கினோம். வீடு வந்ததும் அலிபேயில் இணைத்த அட்டைகளை நீக்கிவிட்டு, வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை மறுபடி மூடிவிடுங்கள்.